ஹெல்சின்கி – டோக்கியோ வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

ஹெல்சின்கி – டோக்கியோ வான்வழி என்பது பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியையும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவையும் இணைக்கும் நெடுந்தொலைவு வான்வழியாகும். இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 7,820 கிலோமீட்டர் (கிமீ) ஆகும். இத்தொலைவைக் கடக்க இடைநில்லா வானூர்தி ஒன்றுக்கு 1983 இல் ஏறத்தாழ 13 மணி நேரமும், 2010களில் ஏறத்தாழ 9½ மணி நேரமும், 2022 மார்ச்சு மாதத்திற்குப் பின்னர் மீண்டும் ஏறத்தாழ 13 மணி நேரமும் தேவைப்பட்டன. நகரங்கள் இடம் மாறவில்லை. 2022 இல் வானூர்திகளின் வேகமும் குறையவில்லை. இடையில் அமைந்துள்ள ரஷ்யாவின் வான்பரப்பு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம் ஆகும்.

பின்லாந்து ரஷ்யாவுடன் நில எல்லையைக் கொண்டுள்ளது. ஜப்பான் ரஷ்யாவுடன் கடல் எல்லையைக் கொண்டுள்ளது. எனவே இவ்விரு நாடுகளுக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு நாடுதான் என்று கூறப்படுவதுண்டு. வானூர்திப் பயணத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு நாடே அனைத்தையும் தீர்மானிக்கிறது.

அடிப்படைத் தகவல்கள்

- புறப்படும் இடம்: ஹெல்சின்கி-வந்தா வானூர்தி நிலையம் (60.32° வடக்கு, 24.96° கிழக்கு)
- சேரும் இடம்: டோக்கியோ ஹனேடா வானூர்தி நிலையம் (35.55° வடக்கு, 139.78° கிழக்கு) அல்லது நரிட்டா வானூர்தி நிலையம்
- பெருவட்டத் தொலைவு: ஏறத்தாழ 7,820 கிமீ
- பறப்பு நேரம், ரஷ்யா வழியாக (2022 பிப்ரவரி வரை): ஏறத்தாழ 9½ மணி நேரம்
- பறப்பு நேரம், ரஷ்யாவைத் தவிர்த்து (2022 மார்ச்சு முதல்): ஏறத்தாழ 13 மணி நேரம்
- நேர வேறுபாடு: குளிர்காலத்தில் 7 மணி, கோடைகாலத்தில் 6 மணி (டோக்கியோ முன்னே உள்ளது)

தொலைவு

பெருவட்டத் தொலைவு

கோளம் ஒன்றின் மேற்பரப்பில் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் வில் ஆகும். இவ்வட்டம் பெருவட்டம் எனப்படுகிறது. இரு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் அவற்றுக்கு இடையிலான பெருவட்டத் தொலைவைப் பின்வரும் சமன்பாட்டினால் கணிக்கலாம்.

கோசைன்(மையக்கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(நெ)

இங்கு அ1, அ2 என்பன இரு இடங்களின் அகலாங்குகள். நெ என்பது நெட்டாங்குகளின் வேறுபாடு. ஹெல்சின்கிக்கும் ஹனேடாவுக்கும் உரிய எண்களை இட்டால்:

- நெட்டாங்கு வேறுபாடு = 139.78 − 24.96 = 114.82 பாகை
- முதல் உறுப்பு = 0.869 × 0.581 = 0.505
- இரண்டாம் உறுப்பு = 0.495 × 0.814 × (−0.420) = −0.169
- கூட்டுத்தொகை = 0.336

கோசைன் மதிப்பு 0.336 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 70.4 பாகை ஆகும். புவியின் ஆரத்தை 6,371 கிமீ எனக் கொண்டால் பெருவட்டத்தில் ஒரு பாகையின் நீளம் ஏறத்தாழ 111.2 கிமீ ஆகும். இவ்விரண்டையும் பெருக்கினால் சற்றேறக்குறைய 7,820 கிமீ கிடைக்கிறது. புவி முழுமையான கோளம் அன்று; முனைகளில் சற்றுத் தட்டையானது. எனவே துல்லியமான கணிப்புகள் இவ்வெண்ணிலிருந்து சிறிதளவு வேறுபடும். நரிட்டா வானூர்தி நிலையத்திற்கான தொலைவு இதனைவிடச் சில கிலோமீட்டர்களே கூடுதலாகும்.

நிலப்படத்தில் தெரியும் பாதையும் உண்மைப் பாதையும்

பள்ளிகளில் தொங்கவிடப்படும் மெர்காட்டர் வகை உலக நிலப்படத்தில் ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கிழக்குக் கசக்ஸ்தான், மங்கோலியா ஆகியவற்றின் வழியே செல்லும். அதுவே குறுக்குவழி போலத் தோன்றும். ஆனால் அக்கோடு எப்போதும் ஒரே திசைமுகத்தை வைத்துக்கொண்டு செல்லும் பாதையைக் குறிக்கிறதே அன்றி மிகக் குறுகிய பாதையைக் குறிப்பதில்லை. அதன் நீளம் ஏறத்தாழ 8,750 கிமீ ஆகும். அதாவது பெருவட்டப் பாதையைவிட 900 கிமீக்கும் மேல் கூடுதலாகும்.

பெருவட்டப் பாதை ஹெல்சின்கியிலிருந்து வடகிழக்காகப் புறப்படுகிறது. ஏறத்தாழ 370 கிமீ தொலைவில் பின்லாந்தின் எல்லையைக் கடந்து, வெண்கடல் கரைக்கு அருகிலுள்ள அர்காங்கெல்ஸ்க் நகரத்தின் மேலாகச் செல்கிறது. உரால் மலைகளைக் கடந்தபின், ஓப் ஆற்றங்கரையில் உள்ள சலேகார்டு நகருக்குச் சற்று வடக்கே 67.2° வடக்கு அகலாங்கில் தன் உச்சத்தை அடைகிறது. இவ்விடம் ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே உள்ளது. அதன்பின் தென்கிழக்காகச் சைபீரியாவைக் கடந்து, வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்சியாங் மாகாணம், சீன-ரஷ்ய எல்லையில் உள்ள காங்கா ஏரி, ஜப்பான் கடல் ஆகியவற்றின் மேலாக டோக்கியோவை அடைகிறது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவின் மேல் அமைந்துள்ளது. இது கணித வழியிலான பாதையாகும். வானூர்திகள் குறிக்கப்பட்ட வான்தடங்களைப் பின்பற்றுவதால் உண்மையில் பறக்கும் தொலைவு எப்போதும் இதனைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும்.

ரஷ்யாவைத் தவிர்க்கும் பாதைகளின் தொலைவு

ரஷ்யாவின் வான்பரப்பைத் தவிர்க்க வேண்டுமெனில் இரு வழிகளே உள்ளன.

வடக்குப் பாதை: நோர்வே, சுவால்பார்டு தீவுகள் ஆகியவற்றைக் கடந்து வட முனைக்கு அண்மையில் சென்று, அலாஸ்காவின் பக்கமாக இறங்கி, வட பசிபிக் பெருங்கடல் வழியாக ஜப்பானை அடைவது. ஹெல்சின்கியிலிருந்து வட முனை ஏறத்தாழ 3,300 கிமீ. வட முனையிலிருந்து பேரிங் நீரிணை ஏறத்தாழ 2,690 கிமீ. அங்கிருந்து டோக்கியோ ஏறத்தாழ 4,710 கிமீ. இவற்றின் கூட்டுத்தொகை 10,700 கிமீ ஆகும். பேரிங் நீரிணையிலிருந்து டோக்கியோவிற்கு நேராகச் சென்றால் மீண்டும் ரஷ்யாவின் கிழக்குப் பகுதி குறுக்கிடும். அதனைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் உண்மைத் தொலைவு மேலும் மிகும்.

தெற்குப் பாதை: கிழக்கு ஐரோப்பா வழியாகத் தெற்கே கருங்கடல் பகுதிக்கு வந்து, காக்கேசியா, காசுப்பியன் கடல், நடு ஆசியா, சீனா, தென் கொரியா வழியாக ஜப்பானை அடைவது. இதன் நீளமும் 11,000 கிமீக்கு மேல் ஆகும்.

பறப்பு நேரம்

தொலைவை வேகத்தால் வகுத்துப் பறப்பு நேரத்தை மதிப்பிடலாம். தற்கால அகலவுடல் வானூர்திகள் மணிக்கு ஏறத்தாழ 900 கிமீ வேகத்தில் பறக்கின்றன. 7,820 கிமீ தொலைவுக்கு இக்கணக்கின்படி 8.7 மணி நேரம் ஆகும். மேலேறுதல், கீழிறங்குதல், வான்தடங்களின் வளைவு ஆகியவற்றைச் சேர்த்தால் 9 முதல் 9½ மணி நேரம் கிடைக்கும். இதே வேகத்தில் 11,000 கிமீ கடக்க 12 மணி நேரத்திற்கு மேல் ஆகும்.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் காற்றில் இருக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதன்று. வானூர்தி தன் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கிய கணம் முதல் சேருமிடத்தில் முற்றாக நிற்கும் கணம் வரை உள்ள நேரமே அதில் குறிக்கப்படுகிறது. எனவே அது உண்மைப் பறப்பு நேரத்தைவிட 20 முதல் 40 நிமிடங்கள் வரை கூடுதலாக இருப்பது வழக்கம்.

காற்றின் பங்கு

நடு அகலாங்குகளில், தரையிலிருந்து 9 முதல் 12 கிமீ உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைவான காற்று வீசுகிறது. இது தாரைக் காற்றோட்டம் எனப்படுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானின் மேல் இதன் வேகம் மணிக்கு 300 கிமீயைத் தாண்டுவதுண்டு. உலகில் மிக வலிமையான தாரைக் காற்றோட்டம் காணப்படும் இடங்களுள் ஜப்பானும் ஒன்றாகும். இக்காற்றை முறையாக அளந்து பதிவு செய்தவர் ஜப்பானிய வானிலையியலாளர் வசபுரோ ஒயிஷி ஆவார். தத்தெனோ என்னுமிடத்தில் இருந்த உயர்வளி ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு அவர் செய்த அளவீடுகள் 1926 இல் வெளியாயின. உலகெங்கும் உள்ளவர்கள் படிக்கவேண்டும் என்று கருதி அவர் அவ்வறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே என்பதால் அவரது கண்டுபிடிப்பு நீண்ட காலம் பிற நாட்டவரின் கவனத்தைப் பெறவில்லை.

இக்காற்றினால் டோக்கியோ நோக்கிய பயணத்தைவிட ஹெல்சின்கி நோக்கிய பயணம் சற்று நீண்டதாக இருக்கும். சைபீரிய வழி பயன்பாட்டில் இருந்தபோது இவ்வேறுபாடு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்தது. ரஷ்யாவைத் தவிர்க்கும் இரு பாதைகளுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் காற்றுக்குப் பங்குண்டு. கிழக்கு நோக்கிச் செல்லும்போது தெற்குப் பாதையில் காற்று பின்னிருந்து உதவுகிறது. ஐரோப்பா நோக்கித் திரும்பும்போது அதே பாதையில் எதிர்க்காற்று வீசும் என்பதால் முனைவழிப் பாதை ஏற்றதாக அமைகிறது. இதனால் ஒரு பயணி போகும்போது நடு ஆசியாவின் மேலாகவும், வரும்போது வட முனைக்கு அருகாகவும் பறந்து, தன் ஒரே பயணத்தில் புவியை ஒருமுறை சுற்றிவர இயலும்.

நேர வலயங்கள்

ஹெல்சின்கியின் நேரம் குளிர்காலத்தில் ஒ.ச.நே. +2, கோடைகாலத்தில் ஒ.ச.நே. +3 ஆகும். ஜப்பான் ஆண்டு முழுவதும் ஒ.ச.நே. +9 என்பதைப் பின்பற்றுகிறது. அங்குக் கோடைகால நேர மாற்றம் இல்லை. எனவே வேறுபாடு குளிர்காலத்தில் 7 மணி நேரமும் கோடைகாலத்தில் 6 மணி நேரமும் ஆகும்.

எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் ஹெல்சின்கியிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் வானூர்தி 9½ மணி நேரம் பறந்தால், டோக்கியோவை அந்நகர நேரப்படி மறுநாள் காலை 9.30 மணிக்கு அடையும். 13 மணி நேரம் பறந்தால் பிற்பகல் 1 மணிக்கு அடையும். வடக்குப் பாதையில் செல்லும் வானூர்தி பன்னாட்டு நாள்கோட்டைக் கடந்தாலும் இக்கணக்கு மாறாது. புறப்படும் இடம், சேரும் இடம் ஆகியவற்றின் நேர வலயங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

வரலாறு

முனைவழியின் தொடக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் தன் வான்பரப்பை மேற்கு நாட்டு வானூர்திகளுக்குத் திறக்கவில்லை. வட ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றவர்கள் மத்திய கிழக்கு, தெற்காசியா, தென்கிழக்காசியா வழியாகப் பல இடங்களில் இறங்கி ஏறிச் சென்றனர். அப்பயணத்திற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆயிற்று. 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்கண்டினேவிய வானூர்தி நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் அங்கரேஜ் நகர் வழியாக டோக்கியோவுக்கு முனைவழிச் சேவையைத் தொடங்கியது. டக்ளஸ் டிசி-7சி வகை வானூர்தி அதில் பயன்படுத்தப்பட்டது. பயண நேரம் ஏறத்தாழ 30 மணியாகக் குறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அங்கரேஜ் ஐரோப்பா – கிழக்காசியா பயணத்தின் முதன்மை இடைநிறுத்தமாக விளங்கியது.

சைபீரிய வழி

1967 ஏப்ரலில் சோவியத் வானூர்தி நிறுவனமான ஏரோபுளொட்டும் ஜப்பான் ஏர்லைன்சும் இணைந்து மாஸ்கோ – டோக்கியோ இடைநில்லாச் சேவையைத் தொடங்கின. இதற்குச் சோவியத் தயாரிப்பான துப்போலெவ் து-114 வானூர்தி பயன்பட்டது. 1970 முதல் ஜப்பானிய நிறுவனம் தன் சொந்த வானூர்திகளைச் சைபீரியாவின் மேல் இயக்க இசைவு பெற்றது. எனினும் அவை மாஸ்கோவில் இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது.

1983: இடைநில்லாச் சேவை

பின்லாந்தின் தேசிய வானூர்தி நிறுவனமான பின்னேர் 1983 ஏப்ரல் 22 அன்று ஹெல்சின்கி – டோக்கியோ இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிற்கும் ஜப்பானிற்கும் இடையே எங்கும் இறங்காமல் பறந்த முதல் சேவை இதுவாகும். கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தப்பட்ட டிசி-10-30இஆர் என்னும் மூன்று பொறி வானூர்தி இதற்குப் பயன்பட்டது. சோவியத் ஒன்றியத்தைச் சுற்றிக்கொண்டு, வட முனையின் மேலாகவும் பேரிங் நீரிணை வழியாகவும் சென்ற இப்பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் நீடித்தது. வட முனையைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

இப்பாதையில் பிழைக்கு இடமில்லை என்பதை அக்காலத்தின் இரு நிகழ்வுகள் காட்டின. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிசிலிருந்து அங்கரேஜ் நோக்கி முனைவழியாகச் சென்ற கொரிய ஏர்லைன்ஸ் பறப்பு 902, திசையறிவதில் ஏற்பட்ட பிழையால் சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்து சுடப்பட்டது. அது உறைந்த ஏரி ஒன்றின் மீது இறக்கப்பட்டது, இருவர் உயிரிழந்தனர். 1983 செப்டம்பர் 1 அன்று, அதாவது ஹெல்சின்கி – டோக்கியோ சேவை தொடங்கி ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், அங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற கொரிய ஏர்லைன்ஸ் பறப்பு 007 தன் தடத்திலிருந்து விலகிச் சோவியத் வான்பரப்பினுள் சென்றது. சோவியத் போர் வானூர்தி அதனைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேரும் உயிரிழந்தனர்.

1990 – 2022

1980களின் பிற்பகுதியில் சோவியத் ஒன்றியம் சைபீரியாவின் மேல் இடைநில்லாமல் கடந்து செல்ல மேற்கு நாட்டு நிறுவனங்கள் சிலவற்றை அனுமதிக்கத் தொடங்கியது. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் இவ்வழி மேலும் விரிவடைந்தது. இதற்காக ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குக் கடப்புக் கட்டணம் செலுத்தின. அங்கரேஜில் இறங்கவேண்டிய தேவை மறைந்தது.

ஹெல்சின்கியின் புவியியல் அமைவு இக்காலத்தில் பெரும் பயன் தந்தது. ஐரோப்பாவின் பெரும்பாலான நகரங்களிலிருந்து கிழக்காசியாவுக்குச் செல்லும் பெருவட்டப் பாதைகள் வடகிழக்காகவே செல்கின்றன. எனவே ஹெல்சின்கியில் இறங்கி வேறு வானூர்திக்கு மாறுவதால் பயணத் தொலைவு மிகச் சிறிதளவே கூடியது. ஒரே வானூர்தி ஹெல்சின்கியிலிருந்து புறப்பட்டு டோக்கியோ சென்று 24 மணி நேரத்திற்குள் திரும்பிவர முடிந்தது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள்தொகை கொண்ட நாடு ஒன்று ஆசியாவுக்கான நுழைவாயிலாக விளங்கியதற்கு இவ்வமைவே அடிப்படையாகும். 2013 இல் ஜப்பான் ஏர்லைன்சும் ஹெல்சின்கிக்குச் சேவையைத் தொடங்கியது. 2015 இல் பின்னேர் ஏர்பஸ் ஏ350-900 வானூர்தியைப் பெற்றது. ஐரோப்பிய நிறுவனங்களுள் அதனை முதலில் இயக்கியது இதுவேயாகும்.

2022க்குப் பின்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. அதனைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்பரப்பை ரஷ்ய வானூர்திகளுக்கு மூடியது. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா, பின்லாந்து உட்பட 36 நாடுகளின் வானூர்தி நிறுவனங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. பின்னேர் தன் ஆசியச் சேவைகளை நிறுத்தியது. பின்னர் மார்ச்சு 9 அன்று டோக்கியோ சேவையை முனைவழியாக மீண்டும் தொடங்கியது. பறப்பு நேரம் மீண்டும் ஏறத்தாழ 13 மணி ஆனது. 1983 இல் போலவே பயணிகளுக்கு முனைவழிச் சான்றிதழும் வழங்கப்பட்டது. ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்ய வான்பரப்பைத் தவிர்த்துப் பறக்கத் தொடங்கின.

வான்பரப்பு பற்றிய சட்டம்

1944 டிசம்பர் 7 அன்று சிக்காகோவில் கையெழுத்தான பன்னாட்டுப் பொதுவானூர்தியியல் உடன்படிக்கையின் முதல் உறுப்பு, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்பரப்பின் மீது முழு இறைமை உண்டு என்று கூறுகிறது. கப்பல்கள் செல்லும் திறந்த கடலைப் போன்று வானம் அனைவருக்கும் பொதுவானதன்று. இறங்காமல் கடந்து செல்லும் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ள அதே மாநாட்டில் கடப்பு உடன்பாடு ஒன்று உருவாக்கப்பட்டது. ரஷ்யா அவ்வுடன்பாட்டில் சேரவில்லை. எனவே அதன் வான்பரப்பைக் கடக்கும் உரிமை, ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பொறுத்ததாகும். ரஷ்யாவுக்குத் தடை விதிக்காத சீனாவின் நிறுவனங்கள் 2022க்குப் பின்னரும் சைபீரிய வழியைப் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

முனைவழிப் பறப்பின் தொழில்நுட்பம்

வட முனைக்கு அருகே பறப்பதில் பல சிறப்புச் சிக்கல்கள் உள்ளன.

- திசையறிதல்: புவியின் காந்த முனை அருகில் இருப்பதால் காந்தத் திசைகாட்டி நம்பத்தக்கதன்று. 1957 இல் நெடுங்கோடுகளுக்குப் பதிலாக நிலப்படத்தின் மேல் வரையப்பட்ட கட்டங்களைக் கொண்டு திசை அறியப்பட்டது. டிசி-10 காலத்தில் நிலைம வழிகாட்டு முறைமையும், பிற்காலத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டலும் இதனை எளிதாக்கின.
- தகவல் தொடர்பு: நிலநடுக்கோட்டின் மேல் நிலைகொண்டுள்ள செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 81 பாகை அகலாங்கிற்கு மேல் அடிவானத்திற்குக் கீழே மறைந்துவிடுகின்றன. அங்கு உயர் அதிர்வெண் வானொலியோ முனைவழியே சுற்றும் செயற்கைக்கோள்களோ தேவைப்படுகின்றன.
- எரிபொருள் உறைதல்: ஜெட் ஏ-1 வகை எரிபொருளின் உறைநிலை −47 °செ ஆகும். வெளிக் காற்று இதனைவிடக் குளிராக இருக்கக்கூடும் என்பதால் எரிபொருளின் வெப்பநிலை தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது.
- மாற்று வானூர்தி நிலையங்கள்: இரு பொறி வானூர்தியில் ஒரு பொறி செயலிழந்தால், மற்றொன்றைக் கொண்டு குறித்த நேரத்திற்குள் ஏதேனும் ஒரு நிலையத்தை அடைய இயலவேண்டும். ஏர்பஸ் ஏ350-900 வகைக்கு இந்நேரம் 370 நிமிடங்கள் வரை அனுமதிக்கப்பட்டுள்ளது. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தன் நாட்டு அதிகாரிகளிடம் தனியே இசைவு பெறவேண்டும். 1983 இல் மூன்று பொறிகளால் செய்யப்பட்டது 2022 இல் இரண்டு பொறிகளால் இயன்றதற்கு இவ்வளர்ச்சியே காரணம்.
- அண்டக் கதிர்: புவியின் காந்தப்புலம் முனைப் பகுதிகளில் குறைந்த பாதுகாப்பையே தருவதால் அங்குக் கதிர்வீச்சின் அளவு சற்று மிகுதியாகும். அடிக்கடி பறக்கும் பணியாளர்களுக்கு இது கணக்கிடப்படுகிறது.

விளைவுகள்

மூன்றரை மணி நேரக் கூடுதல் என்பது பயணியின் களைப்போடு முடிவதன்று. ஏ350-900 வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 6 டன் எரிபொருளைப் பயன்படுத்துகிறது. எனவே ஒவ்வொரு பறப்பிலும் ஏறத்தாழ 20 டன் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. ஒரு கிலோகிராம் எரிபொருள் எரியும்போது 3.16 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளியாவதால், ஒரு வழிப் பயணத்திற்கு 60 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டைஆக்சைடு மிகுதியாக வெளியாகிறது. கூடுதல் எரிபொருளின் எடை, ஏற்றிச் செல்லும் சரக்கின் அளவையும் பாதிக்கிறது. நோர்வேயில் வளர்க்கப்படும் சால்மன் மீன் ஹெல்சின்கி வழியாக ஜப்பானுக்குச் செல்லும் சரக்குகளுள் ஒன்று. இத்தகைய பொருட்களுக்கு நேரமே மதிப்பாகும்.

ஒரு வானூர்தி 24 மணி நேரத்திற்குள் சென்று திரும்ப இயலாமற்போனதால் அதே சேவைக்குக் கூடுதல் வானூர்திகளும் விமானிகளும் தேவைப்பட்டனர். ஐரோப்பாவின் பிற நகரங்களோடு ஒப்பிடுகையில் ஹெல்சின்கிக்கு இருந்த நேரச் சாதகம் பெருமளவு மறைந்தது. பின்னேர் தன் வானூர்திகள் சிலவற்றைப் பிற நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டதுடன், வட அமெரிக்கா, கத்தாரின் தோகா ஆகிய திசைகளில் தன் சேவைகளை விரிவாக்கியது. சைபீரியாவின் மேலான குறுக்குவழியை நம்பிப் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பப்பட்ட வணிகம், ஒரே வாரத்தில் தன் திசையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இவற்றையும் பார்க்க

- பெருவட்டம்
- தாரைக் காற்றோட்டம்
- நேர வலயம்
- பன்னாட்டு நாள்கோடு
- கொரிய ஏர்லைன்ஸ் பறப்பு 007